பிள்ளைப்பேற்றுக்குக் கூட நிற்கப்போகிற ஆளுக்கு

வீட்டில் ஒருத்தி பிள்ளைத்தாச்சி. "பிள்ளை பிறக்கிற நேரம் நீங்கள் என்னோட நிப்பீங்களா?" என்று உங்களைக் கேட்டுவிட்டாள், நீங்களும் யோசிக்காமல் "ஓம்" என்றுவிட்டீர்கள். இப்போது இரவில் படுத்துக்கொண்டு, அங்கே போய் நான் என்ன செய்யப்போகிறேன், எனக்கு மருத்துவம் ஒரு மண்ணும் தெரியாதே என்று முழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். நானும் முதல்முறை மச்சாளோடு அப்படித்தான் போனேன், கையில் ஒரு பிளாஸ்க், மனம் முழுக்கப் பயம். பிறகு தங்கச்சியோடு, அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு. இப்போது ஒழுங்கையில் யாருக்காவது ஏழாம் மாதம் என்றால் என்னைத் தேடி வருகிறார்கள்.

வெளிநாட்டில் இந்த வேலை செய்கிறவரை டூலா என்பார்கள். கனடாவில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர் யாராவது காசு கட்டி ஒருவரை ஒழுங்கு செய்திருக்கவும் கூடும். அது கிரேக்கச் சொல், பணிப்பெண் அல்லது அடிமைப்பெண் என்று பொருள், அதனாலேயே அந்தப் பெயர் பிடிக்காதவர்களும் உண்டு. டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர்தான் 1973இல் பிள்ளை பெற்ற தாய்க்குத் துணை நிற்கும் பெண் என்ற கருத்தில் அதை எழுத்தில் கொண்டுவந்தார். 1980இல் குவாத்தமாலாவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகப் பிடிக்கும். அங்கே கூட நின்ற பெண்கள் தாதியும் இல்லை, மருத்துவிச்சியும் இல்லை, பயிற்சி எடுத்தவர்களும் இல்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தார்கள், முதுகைத் தடவினார்கள், கதை கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தத் தாய்மாருக்கு நோ நீடித்த நேரமும் குறைந்தது, சிக்கல்களும் குறைந்தன. பிறகு பல நாடுகளில் இதே மாதிரி ஆய்வுகள் வந்தன. 2017இல், மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்க்கிற கொக்ரேன் தொகுப்பு 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்து, தொடர்ந்து ஒருவர் கூட இருந்தால் சிசேரியன் குறைகிறது, பிள்ளைப்பேற்றைக் கசப்பாக நினைக்கிறவர்களும் குறைகிறார்கள் என்று சொன்னது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் தாய் விரும்பிய ஒருவர் கூட இருக்க விட வேண்டும் என்று தன் வழிகாட்டலில் எழுதிவிட்டது.

இதில் என் காதில் விழுகிற சொல் "தொடர்ந்து" என்பதுதான். அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வெளியே போய் நாலு பேருக்கு போன் எடுத்துவிட்டு வருவது துணை இல்லை. ஆகவே டூலா என்று பலகை போட்ட ஆளை யாழ்ப்பாணம் முழுக்கத் தேடி அலையாதீர்கள். அவளை விட்டுப் போக மாட்டேன் என்று இருக்கிற ஒரு ஆள் போதும். மற்றதைப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கோடு

நீங்கள் மருத்துவிச்சி இல்லை. இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரி 1898இல் பெண்களுக்கென்று தொடங்கிய காலத்தில்கூட நமது பெண்கள் பலர் வீட்டில்தான் பெற்றார்கள், ஊர் மருத்துவிச்சி வந்து எல்லாம் பார்த்தாள். இன்று இலங்கையில் நூற்றுக்கு 99க்கும் மேல் வைத்தியசாலையில்தான் பிறக்கிறது, மருத்துவம் பார்க்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பிரஷர் பார்ப்பது, கருப்பை வாய் எத்தனை சென்ரிமீற்றர் திறந்திருக்கிறது என்று பார்ப்பது, மருந்து சொல்வது, சிசேரியன் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது, இதில் ஒன்றும் உங்கள் வேலை இல்லை. "எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஒண்டும் செய்யாது" என்ற வசனத்தை இன்றே மறந்துவிடுங்கள், அந்த வசனத்தால் வைத்தியசாலைக்குப் பிந்திப்போன ஒருத்தியை எனக்குத் தெரியும்.

உங்கள் வேலை அவள். பிள்ளை கூட இல்லை. பிள்ளையைப் பார்க்க ஊரே வரும், அவளைப் பார்க்க நீங்கள் ஒருவர்தான்.

யார் நிற்பது

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் நீங்கள்தான் அந்த ஆள் என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கலாம், ஆனால் ஒருமுறை அவளிடம் தனியே கேளுங்கள், உண்மையில் நான்தான் வேண்டுமா என்று. வீட்டுக்காரர் முடிவு செய்ததை அவள் தலையாட்டி ஏற்றிருப்பாள். பலருக்கு அம்மாவைத்தான் மனம் தேடும், அது நியாயம். ஆனால் அம்மா எப்படி இருப்பார் என்று யோசியுங்கள். எங்கள் அம்மாமார் சிலர் 1995 ஒக்ரோபர் யுத்த இடப்பெயர்வில் வயிற்றோடு நடந்தவர்கள், தென்மராட்சியில் யாருடையதோ விறாந்தையில் கிடந்து பெற்றவர்கள். மகள் கத்தினால் அந்த இரவு அவர்களுக்குத் திரும்பி வரும். அழுதுவிடுவார்கள். பிறகு நோவோடு கிடக்கிற மகள் அம்மாவைத் தேற்ற வேண்டியிருக்கும். அப்படியான அம்மாவை வீட்டில் பத்தியச் சமையலுக்குப் பொறுப்பாக்கிவிட்டு, அவசரப்படாத ஒரு சின்னம்மாவையோ அக்காவையோ மச்சாளையோ கூட்டிப்போவது இருவருக்கும் நல்லது. பிள்ளை பெற்ற அனுபவம் கட்டாயமில்லை. ரத்தத்தைக் கண்டால் மயங்காத, எட்டுப் பத்து மணித்தியாலம் நிற்கக்கூடிய, வாயைக் கட்டுப்படுத்தக்கூடிய ஆள் வேண்டும்.

புருஷன்? அரச வைத்தியசாலைகளில் பிரசவ அறையில் பல பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், அதனால் பொதுவாகப் பெண் துணையைத்தான் விடுவார்கள். தனியார் இடத்தில் வேறு மாதிரி. அரச உத்தியோகத்தில் இருக்கிற தகப்பனுக்கு 3 நாள் லீவு உண்டு, அதைப் பிறக்கிற நாளில் வாசலில் நின்று செலவழிப்பதைவிடத் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வருகிற நாளிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அவர் கொழும்பிலோ கட்டாரிலோ என்றால், நோ வந்த நேரம் வீடியோ கோல் இல்லை என்று இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

ஏழாம் மாதத்திலிருந்து

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். 40 தாள் போதும். முதல் பக்கத்தில் கர்ப்பகாலப் பதிவு அட்டையில் இருக்கிற முக்கியமானவற்றை எழுதுங்கள்: திகதி, இரத்த வகை, ஒவ்வாமை, முந்தின பிள்ளை எப்படிப் பிறந்தது. அடுத்த பக்கத்தில் போன் இலக்கங்கள். எல்லாம் போனில் இருக்கிறதே என்பீர்கள், பிரசவ அறைக்குள் போன் கொண்டுபோக விடாமல் இருக்கலாம், அல்லது பற்றரி செத்துப்போகும்.

ஒரு தடவையாவது கிளினிக்குக்கு அவளோடு போங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் எல்லாரும் மிட்வைப் மிஸ் என்கிறோமே, முகத்தைக் காட்டி "நான்தான் மிஸ் இவவோட நிக்கப்போறன்" என்று சொல்லிவையுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு வகுப்புகள் நடக்கும். துணைக்கு வருகிறவரையும் அதில் இருக்க விடுவார்களா என்று கேளுங்கள்.

அவள் எந்த வைத்தியசாலைக்குப் போகப்போகிறாளோ அங்கே துணை நிற்பதற்கு என்ன ஒழுங்கு என்பதையும் இந்த மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். யாழ் போதனாவில் ஒரு மாதிரி இருக்கும், தெல்லிப்பழையிலோ மந்திகையிலோ சாவகச்சேரியிலோ வேறு மாதிரி இருக்கும். அன்றைக்கு வாட்டில் எவ்வளவு சனம் என்பதைப் பொறுத்தும் மாறும். எந்த நேரத்திலிருந்து விடுவார்கள், ஆள் மாறலாமா, அடையாள அட்டை வேண்டுமா, இதையெல்லாம் கொப்பியில் எழுதுங்கள். நோவோடு வாசலில் நின்று கேட்கிற கேள்விகள் இல்லை இவை. தங்கச்சியின் நேரம் நான் கேட்காமல் போய், வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். யாரிலும் பிழை இல்லை, என்னில்தான் பிழை.

அப்புறம் அவளிடம் கேட்க வேண்டியவை. ஒரே நாளில் கேட்காதீர்கள், கேள்விக்கொத்து மாதிரி இருக்கும். கோயிலுக்குப் போகிற வழியில், உடுப்புத் தோய்க்கிற நேரத்தில் ஒவ்வொன்றாக. எதற்குப் பயம்? ஊசிக்கா, வெட்டுக்கா, எல்லாருக்கும் முன்னால் உடுப்பில்லாமல் கிடப்பதற்கா? (பெரும்பாலும் கடைசியில் சொன்னதுதான்.) நோ வந்தால் தொட்டால் பிடிக்குமா பிடிக்காதா? கதைக்க வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா? முந்தி ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தால் அந்தக் கதையை அவள் சொல்ல விரும்பினால் கேளுங்கள், "பழசை நினையாத" என்று வாயை அடைக்காதீர்கள்.

பைக்குள் என்ன என்பதற்கு வைத்தியசாலையே பட்டியல் தரும். நான் கூடச் சேர்ப்பது: பனையோலை விசிறி ஒன்று (கரண்ட் நின்றால் தெரியும் அருமை), உதட்டுக்குப் பூச ஏதாவது, கொத்தமல்லித் தண்ணியோ வெறும் சுடுதண்ணியோ உள்ள பிளாஸ்க், தலைமயிர் கட்டப் பட்டி, தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப்போன பழைய நூல்சேலைத் துண்டுகள். உங்களுக்கும் சாப்பாடு. பசியோடு நிற்கிற துணைக்குக் கோபம் வரும்.

வாகனம்: நடுச்சாமத்தில் வருவேன் என்று சொன்ன ஓட்டோக்காரர் இரண்டு பேரின் இலக்கம். ஒருவர் போதாது. அவசரமென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம் என்றால் நாள் நெருங்க முன்னமே கரைக்கு இந்தப் பக்கம் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குவதுதான் சரி. மாரியில் கடல் குழம்பினால் குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கிற விளையாட்டு வேண்டாம்.

நோக் கண்டவுடன்

நோவுக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டியவை: பன்னீர்க்குடம் உடைந்தால் (நோ இல்லாவிட்டாலும்), இரத்தம் போனால், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால், கடும் தலையிடியோ கண் மங்கலோ முகம் கை வீக்கமோ வந்தால், காய்ச்சலென்றால், மாதம் நிறைய முன் நோ வந்தால். இதில் ஒன்றுக்கும் பால் காய்ச்சிக் குடித்துவிட்டுப் போவோம் என்று இருக்கக்கூடாது. வீடு தூரமென்றால், முந்தி சிசேரியன் என்றால், வைத்தியர் எப்போது வரச்சொன்னார் என்பதே கணக்கு.

மற்றப்படி முதல் பிள்ளைக்கு ஆரம்ப நோ மெல்ல மெல்லத்தான் வரும். வந்து போகும், நிற்கும், திரும்ப வரும். இதிலேயே ஒரு இரவு போய்விடலாம். இந்த நேரத்தில் வீட்டில் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று மணிக்கூட்டைப் பார்த்தால் அவள் களைத்துப்போவாள். நோவின் இடைவெளியை நீங்கள் கொப்பியில் குறியுங்கள், அவளை விடுங்கள். தோயட்டும், இடியப்பமோ கஞ்சியோ கொஞ்சம் சாப்பிடட்டும், முடிந்தால் படுக்கட்டும். முற்றத்தில் நடக்க விரும்பினால் கூட நடவுங்கள்.

வைத்தியசாலையில் 5 சென்ரிமீற்றரிலிருந்துதான் நோ சூடுபிடித்த கட்டம் என்று இப்போது கணக்கெடுக்கிறார்கள். முதல் பிள்ளையென்றால் அங்கிருந்து பிள்ளை பிறக்கிற கட்டம் வரைக்கும் 12 மணித்தியாலம் எடுத்தாலும் வழமைதான். இதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது அவளுக்குப் பாடம் எடுக்க இல்லை, "பக்கத்துக் கட்டில்காரி வந்து பெத்துட்டுப் போயிட்டா, எனக்கு ஏன் இன்னும் இல்லை" என்று அவள் கேட்கிற நேரம் உங்கள் முகம் மாறாமல் இருக்க.

இனிக் கைவேலை. நாரி நோதான் பலருக்குத் தாங்காது. அவளைச் சரிந்து படுக்கச் சொல்லி, அல்லது நின்றபடி கட்டில் விளிம்பிலோ சுவரிலோ கைகளை ஊன்றிக் குனியச் சொல்லி, உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியை நாரியெலும்பில் வைத்து, நோ ஏறும்போது அழுத்துங்கள். தடவுவதில்லை, அழுத்துவது. எவ்வளவு என்று அவள்தான் சொல்வாள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே கேட்பாள். நோ இறங்கினதும் கையை எடுங்கள். இன்னொன்று, பின்னால் நின்று இரண்டு கையாலும் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் உள்ளுக்குச் சேர்த்து நெருக்குவது. இதை வீட்டில் வைத்துப் பழகுங்கள், யாராவது ஒரு ஆளில் செய்து பாருங்கள், முதல்நாள் பழகினால் கை வலிக்கும், அன்றைக்கு வலிக்காது.

மல்லாந்து படுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான இருப்பு. தாதி வேறு மாதிரிச் சொல்லாதவரை இடப்பக்கம் சரிவு, இருப்பு, நிற்பு, மெல்லிய ஆட்டம், எதுவும் சரி. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வைத்தியர் தடுக்காவிட்டால் இரண்டு மிடறு தண்ணி. ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மூத்திரம் போக நினைவூட்டுங்கள், நோவில் அவளுக்கு நினைவு வராது, நிறைந்த மூத்திரப்பை பிள்ளைக்கு வழி விடாது. சின்ன விஷயந்தான், ஆனால் நான் கண்டவரையில் துணை செய்த மிகப் பெரிய உதவி சில வேளை இதுதான்.

மூச்சு பற்றி வீடியோக்களில் ஆயிரம் வித்தை காட்டுவார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உள்ளெடுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவள் முகத்துக்கு நேரே நின்று நீங்கள் விடுங்கள், அவள் பின்னால் வருவாள். சத்தம் வந்தால் வரட்டும். கீச்சென்று மேலே போகிற சத்தம் தோளையும் தொண்டையையும் இறுக்கும், அடிவயிற்றிலிருந்து "ஊ" என்று வருகிற தாழ்ந்த சத்தம் உடம்பைத் தளர்த்தும். தேவாரமோ ஜெபமோ பழக்கமென்றால் அதைத் தாழ்ந்த குரலில் கூடச் சொல்லுங்கள். பல்லைக் கடித்தால் தாடையை மெல்லத் தொட்டு "விடுங்கோ" என்று சொன்னால் போதும். "கத்தாத, மற்றவை என்ன நினைப்பினம்" என்பது மட்டும் உங்கள் வாயால் வரக்கூடாது. அதைச் சொல்ல அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள்.

ஒரு கட்டத்தில் அவள் சொல்வாள்: "என்னால ஏலாது. என்னை வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ." உடம்பு நடுங்கும், சத்தி வரும், உங்களைக்கூடப் பேசுவாள், தொடாதே என்று கையைத் தட்டிவிடுவாள். முதல்முறை மச்சாள் இதைச் சொன்னபோது நான் உண்மையிலேயே பயந்து, ஏதோ பிழைத்துவிட்டது என்று தாதியைத் தேடி ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார், கிட்டத்தட்ட முழுக்கத் திறந்துவிட்டது என்றார். ஏலாது என்று சொல்கிற கட்டம் பல நேரங்களில் கடைசிக்குக் கிட்டத்தான். தாதிக்குச் சொல்லுங்கள், ஓடாமல் சொல்லுங்கள். அவளுக்கு நீளமாக ஒன்றும் சொல்லாதீர்கள். "நான் இங்கதான் நிக்கிறன். இந்த ஒண்டு. இது போகட்டும்." அடுத்ததைப் பற்றிப் பேசாதீர்கள்.

முக்கச் சொல்கிற வேலை மருத்துவிச்சியுடையது. நீங்களும் பக்கத்தில் நின்று "முக்கு, முக்கு" என்று கத்தினால் அவளுக்கு இரண்டு குரல். தலையைத் தாங்குங்கள், முகத்தைத் துடையுங்கள், விசிறுங்கள், வாயை மூடுங்கள்.

உத்தியோகத்தரோடு

சண்டைக்குப் போகிற ஆளை அடுத்தமுறை உள்ளே விட மாட்டார்கள், அடுத்துவரும் துணைகளுக்கும் வாசல் மூடும். தாதிமார் ஒரே நேரத்தில் பல பேரைப் பார்க்கிறார்கள். உள்ளே போனவுடன் பெயரைச் சொல்லி, எங்கே நின்றால் இடைஞ்சல் இல்லை என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே முகம் இளகும்.

நோக் கூட்ட ட்ரிப் ஏற்றப் போகிறோம், குடத்தை உடைக்கப் போகிறோம் என்று சொன்னால், அவள் விளங்காமல் முழித்தால், நீங்கள் அவளுக்காக மறுமொழி சொல்லாதீர்கள். "மிஸ், இது என்னத்துக்கெண்டு இவவுக்கு ஒருக்கா சொல்லுவீங்களா?" என்று கேளுங்கள். அவசரமில்லை என்றால் "கொஞ்ச நேரம் பார்க்கலாமா, வேற வழி இருக்கா?" என்றும் கேட்கலாம். மறுமொழியை அவளே சொல்லட்டும். அவசரம் என்று சொன்னால் கேள்வி இல்லை, விலகி நில்லுங்கள்.

ஒரு தடவை, எங்கே என்று சொல்லவில்லை, ஒருத்தி கத்தினதற்கு "அப்ப யோசிச்சிருக்கோணும்" என்று ஒரு குரல் கேட்டது. நான் மறுத்துப் பேசவில்லை. கத்தினவளின் காதுக்குக் குனிந்து "அதை விடுங்கோ, என்னைப் பாருங்கோ" என்றேன். நேரத்தையும் சொன்னதையும் கொப்பியில் எழுதினேன். முறைப்பாடு செய்வதா இல்லையா என்பது பிறகு அவள் எடுக்கிற முடிவு, நோவின் நடுவில் எடுக்கிற முடிவு இல்லை.

சிசேரியன் என்றால் தியேட்டருக்குள் நீங்கள் போக முடியாது. வாசலில் நில்லுங்கள், வெளியே வருகிற நேரம் அவள் முதலில் காண்கிற முகம் உங்களுடையதாக இருக்கட்டும். "சுகமாப் பெத்திருக்கலாம்" என்று வருகிற அம்மம்மாமாரை நிறுத்துகிற வேலையும் உங்களுடையது. வெட்டித்தான் எடுத்தார்கள், அவளும் பெற்றுத்தான் இருக்கிறாள்.

பிறந்த பிறகு

முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் பால். பிள்ளை தாயின் வெறும் நெஞ்சில், மேலே ஒரு துணி. படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் இதுதான். மாட்டில் கடும்புப்பால் என்கிறோமே, அதே மாதிரி மஞ்சளாக, கொஞ்சமாக வரும் முதற்பால். அளவைப் பார்த்துவிட்டுப் "பால் இல்லை" என்று யாராவது சொல்வார்கள், சொல்ல விடாதீர்கள். பிள்ளையின் வயிறும் அந்த அளவுதான். காம்பை மட்டும் பிடித்தால் வெடிக்கும், வாயை அகலத் திறந்து கறுப்புப் பகுதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சரியாக வராவிட்டால் தாதியைக் கூப்பிடுங்கள், பத்துத் தடவை கூப்பிட்டாலும் வெட்கமில்லை. தேன், சீனித்தண்ணி, வசம்பு ஒன்றும் நாக்கில் தடவக்கூடாது. 6 மாதம் வரை பால் மட்டும்.

வீட்டுக்கு வந்தால் பத்தியம் தொடங்கும். நான் பத்தியத்துக்கு எதிரி இல்லை. சரக்கரைத்த குழம்பு, பால்சுறா வறை, முருங்கையிலை, உள்ளி, இதெல்லாம் பிள்ளை பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு, சூடாக ஒருவர் சமைத்துக் கையில் கொடுக்கிறார் என்பதே பாதி மருந்து. நான் மறிப்பது தண்ணியை மறிப்பதைத்தான். "தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்" என்று பால் கொடுக்கிறவளுக்கு நாவறள விடுவது பாவம். வேப்பிலை நொச்சி போட்டு அவித்த தண்ணியில் தோய்வது உடம்புக்கு இதம், சிசேரியன் காயம் இருந்தால் வைத்தியர் சொன்னதுபோல. பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய், தொப்புளில் சாம்பல், இதெல்லாம் வேண்டாம். இதை மாமியிடம் நீங்கள் நேரே சொன்னால் வீடு இரண்டாகும். மிட்வைப் மிஸ் முதல் 10 நாளைக்குள் குறைந்தது இரண்டு தடவை வீட்டுக்கு வருவார், அவர் வாயால் சொல்லவையுங்கள்.

துடக்கைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். தீட்டு என்பதை நானும் நம்பவில்லை. ஆனால் 31 நாளும் வெளியாட்கள் வந்து குந்தியிருந்து தேத்தண்ணி கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும். அதை அப்படியே பயன்படுத்துங்கள். இப்போது பிரச்சினை வாசலால் வருகிறவர்கள் இல்லை, போனால் வருகிறவர்கள். ரொறன்ரோவில் பின்னேரம் என்றால் இங்கே விடியப்புறம், அந்த நேரத்தில்தான் பெரியம்மாவுக்குப் பிள்ளையின் முகம் பார்க்க வேண்டும். தாயின் போனை வாங்கி உங்களிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு படம், எல்லாருக்கும் ஒரே படம்.

உங்களால் வீட்டில் நிற்க முடியாவிட்டால், போகிற நேரமெல்லாம் "பிள்ளையைத் தாங்கோ" என்று கேட்காமல், ஒரு வாளி உடுப்பைத் தோய்த்துக் காயப் போட்டுவிட்டு, அவள் இரண்டு மணித்தியாலம் படுக்கிறாளா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இரத்தம் ஒரு மணித்தியாலத்தில் ஒரு சானிட்டரி பாட்டை நனைத்தால், காய்ச்சல், நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு எடுக்க முடியாமை, கடும் தலையிடி, வலிப்பு: உடனே வைத்தியசாலை, 31 நாள் முடியவில்லை என்ற கதை இல்லை.

மனம். மூன்றாம் நாலாம் நாள் காரணமில்லாமல் அழுவாள், பால் கட்டுகிற அதே நாட்களில். பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானே விடும். விடாவிட்டால், நித்திரை கொள்ள நேரம் கிடைத்தும் நித்திரை வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காவிட்டால், நான் இல்லாவிட்டால் நல்லது என்று ஒரு சொல் வந்தால், அது பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க 10 கேள்விகள் உள்ள ஒரு படிவம் இருக்கிறது, எடின்பரோ அளவுகோல் என்பார்கள். மாமியும் அம்மாவும் விறாந்தையில் இருக்க, "சந்தோசமா இருக்கிறீங்களா?" என்று கேட்டால் எவள்தான் இல்லை என்று சொல்வாள்? மிஸ் வருகிற நேரம் நீங்கள் அங்கே போய், மற்றவர்களைக் குசினிக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி போடுங்கள். அவளும் மிஸ்ஸும் பத்து நிமிடம் தனியே இருக்கட்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு உண்டு, 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். செத்துப்போக வேண்டும், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் போல இருக்கிறது என்று சொன்னால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

கடைசியாக அந்தக் கொப்பி. ஒரு மாதம் கழித்து, வீட்டில் சனமில்லாத ஒரு பின்னேரம் அதை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நோவில் நேரம் குழம்பிவிடும், நடந்தவை முன்னுக்குப் பின்னாக நினைவில் நிற்கும், அந்த ஓட்டைகளைப் பலர் தங்கள் மேல் பழியால் நிரப்புகிறார்கள். மச்சாள் ஒரு மாதமாக, தான் எல்லாரையும் பேசி, ஆஸ்பத்திரியே கேட்கக் கத்தி மானம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன்: 2.40, தண்ணி கேட்டா. 3.15, நாரி அழுத்தினேன், இன்னும் கீழே என்றா. 4.10, ஏலாது என்றா, என் கையைக் கடித்தா. 4.50, பொம்பிளைப் பிள்ளை, 2.9 கிலோ. "கத்தினதெண்டு எழுதேல்லையா?" என்றாள். எழுத ஒன்றும் இருக்கவில்லை, கடித்தது மட்டும்தான். கையைப் பிடித்துப் பார்த்தாள், தழும்பு இல்லை என்று சொன்னேன், கொப்பியை வாங்கி அலுமாரியில் பிள்ளையின் கிளினிக் அட்டைக்குக் கீழே வைத்துவிட்டாள்.